பசுவும் பாதுஷாவும்

பாரசீகத்துக் குக்கிராமம் ஒன்றில், ஊர் முழுமைக்கும் இருந்த ஒரே பசுவுக்கு உடையவனான ஏழைக் குடியானவன் ஒருவன், தான் வெளியூர் சென்றிருந்த வேளையில் அது மாண்டுபோக, அந்தத் துக்கத்தைத் தாங்கமாட்டாமல் சிறிது சிறிதாகத் தன்னை மறந்து, முடிவில் தானே அந்தப் பசு என்று நம்பித் தொழுவத்தில் நின்று வைக்கோலைத் தின்னத் தொடங்குகிறான். வாயால் சொல்லக் கேட்கும்போது இந்தக் கதை நம்பத் தகாததாகவே தோன்றும். இதைத் திரையில் நடிக்கப் புகுந்தவன் சற்றே அளவு மீறினாலும் சபையோர் சிரித்துவிடுவார்கள், சற்றே தயங்கினாலும் கதை செத்துவிடும். ஆயினும் 1969-இல் எடுக்கப்பட்ட 'காவ்', அதாவது 'பசு', என்னும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு மனிதனுடைய அறிவு கண்ணெதிரே கரைந்துபோவதைக் காணும் பயமும், அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லையே என்ற தவிப்புமே உண்டாகின்றன. அந்தக் குடியானவனாக நடித்தவர் எஸ்ஸத்துல்லா எந்தெஸாமி.

அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து. இரண்டாண்டுகள் கழித்து, 1971-இல், அமெரிக்காவின் சிக்காகோ சர்வதேசத் திரைப்பட விழா அவரையே சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அரசர், தூதர், கசாப்புக்காரர், வக்கீல், ஆலை முதலாளி, இரத்தத் தரகர் என்று எத்தனையோ வேடங்களைத் தாங்கிய அவரை, ஈரானிய ஜனங்கள் பெயர் சொல்லி அழைப்பதைக் காட்டிலும் 'ஆக்காயெ பாஸிகர்', அதாவது நடிகர் பெருமான், என்று அழைப்பதையே வழக்கமாகக் கொண்டார்கள். ஒரு தேசத்தில் நடிகர்கள் பலர் இருக்க, ஒருவரை மட்டும் இவ்வாறு நடிப்புக்கே உடையவர் போல் சுட்டுவது சாமானியமான மரியாதை அன்று. அந்த மரியாதைக்குக் காரணம், அரசனாயினும் ஆண்டியாயினும் தாம் ஏற்ற மனிதரை அவர் ஒருபொழுதும் மேலே நின்று பார்க்கவில்லை என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதும், அது எத்தனை தூரம் அவரைக் கொண்டுபோயிற்று என்பதும் விளங்கும்.

எந்தெஸாமி 1924-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி டெஹ்ரான் நகரின் பழம்பேட்டையான ஸங்கலஜில் பிறந்தார். அந்தக் காலத்து டெஹ்ரானில் நாடகக் கொட்டகைகளும் சினிமாக் கொட்டகைகளும் செறிந்திருந்த வீதி லாலேஜார். வாலிபராக அவர் அந்த வீதிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை கதாநாயக வேடம் அன்று, துணைவேடம்கூட அன்று. நாடகத்தின் ஓர் அங்கம் முடிந்து, திரை விழுந்து, உள்ளே சாமான்களை மாற்றிவைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சபையோர் பொறுமை இழந்து எழுந்துவிடாதபடி ஒருவன் திரைக்கு முன்னே வந்து நின்று வேடிக்கைப் பாட்டுப் பாட வேண்டும். இதற்குப் பாரசீகத்தில் 'பீஷ்பர்தே' என்று பெயர். நம் பக்கத்து நாடக மேடையிலே பபூன் செய்த காரியத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது இது. 1941-இல் நேச நாட்டுப் படைகள் ஈரானுக்குள் புகுந்து ரெஸா ஷா முடி துறக்க நேர்ந்தபின், அதுவரை வாயடைத்துக் கிடந்த ஜனங்களுக்குச் சில ஆண்டுகள் வாய் திறந்து பேச வாய்த்தது. ஆகவே இந்தத் திரைமுன் பாட்டுக்காரர்கள் பண்டங்களின் விலையேற்றத்தையும், லஞ்சத்தையும், பெரிய மனிதர்களின் போலித்தனத்தையும் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். அதைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள்.

இந்தத் தொழிலை இழிவென்று எண்ணுவோர் அன்றும் இருந்தார்கள். ஆனால் நடிகனுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை கிடையாது. பக்கத்தில் துணை நடிகர் இல்லை. பின்னால் காட்சி ஜோடனை இல்லை. முன்னால் இருக்கும் கூட்டமோ அலுத்துப்போன கூட்டம். வண்டிக்காரனையோ குமாஸ்தாவையோ ஹாஜியாரையோ இரண்டு அடிப் பாட்டுக்குள் அச்சாகக் கொண்டுவந்து நிறுத்தினாலொழியக் கைதட்டு விழாது. அப்படிக் கொண்டுவருவதற்கு அந்த மனிதர்களின் நடையையும், பேச்சின் இழுப்பையும், தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் விதத்தையும் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும். பின்னாளில் எந்தெஸாமியின் பாத்திரங்கள் எதிலும் 'நடிகர் பேசுகிறார்' என்ற நினைவு நமக்கு வராமற்போனதற்கு வித்து லாலேஜார் வீதியிலேதான் விழுந்தது.

1953-ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பில் பிரதம மந்திரி மொஸாதெக் வீழ்த்தப்பட்ட பின்னர், நாடக மேடையின் மேல் மறுபடியும் கண்காணிப்பு இறுகியது. அடுத்த ஆண்டு எந்தெஸாமி ஜெர்மனி தேசத்துக்குப் புறப்பட்டார். முப்பது வயதில், மேடையில் பெயரெடுத்த பிறகு, மொழி தெரியாத தேசத்தில் மாணவராகப் போய் உட்காருவதற்கு மனத்தில் பணிவு வேண்டும். ஹன்னோவர் நகரில் நாடகமும் திரைப்படமும் பயின்று 1958-இல் தாய்நாடு திரும்பினார். தெருவில் கற்ற வித்தையும் சாஸ்திரமாகக் கற்ற வித்தையும் இவ்வாறு ஒருவரிடத்திலேயே வந்து கூடின.

ஆனால் ஈரானிய சினிமா அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1949-இல் ஒரு படத்தில் சிறு வேடம் ஏற்றதோடு சரி. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் மேடைக்கே உரியவராக இருந்தார். அக்காலத்து ஈரானியப் படங்களில் பெரும்பாலானவை ஆட்டமும் பாட்டும் சண்டையும் கலந்த கலவைகள். பம்பாயிலிருந்து வந்த ஹிந்திப் படங்களின் சாயல் அவற்றில் பலமாக இருந்தது. இந்தியாவுக்கும் ஈரானிய சினிமாவுக்கும் இருந்த உறவு அதனினும் பழையது. பாரசீக மொழியில் வெளிவந்த முதல் பேசும் படமான 'தொக்தரெ லோர்', அதாவது 'லோர் இனத்துப் பெண்', 1933-இல் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியிலேதான் எடுக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1931-இல், நம் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' என்பதைத் தயாரித்ததும் அதே கம்பெனிதான். தமிழும் பாரசீகமும் வெள்ளித் திரையில் வாய் திறந்தது ஒரே கூரையின் கீழ் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இந்த நிலையில்தான் தாரியூஷ் மெஹ்ர்ஜூயி என்னும் இளைஞர், கலிபோர்னியாவில் தத்துவம் படித்துத் திரும்பியவர், எழுத்தாளர் குலாம் ஹுசைன் ஸாயிதியின் கதையொன்றை எடுத்துக்கொண்டு 'பசு'வைத் தொடங்கினார். ஸாயிதி தொழிலால் மனநோய் மருத்துவர். கிராமத்து வறுமை மனித மனத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பதை மருத்துவர் கண்ணாலும் கலைஞர் கண்ணாலும் கண்டவர். சினிமா நட்சத்திரங்களை நாடாமல் எந்தெஸாமி, அலி நஸீரியன், ஜம்ஷீத் மஷாயெகி, ஜாபர் வாலி முதலிய நாடக மேடைக்காரர்களையே மெஹ்ர்ஜூயி அழைத்துக்கொண்டார்.

படத்தின் முற்பகுதியில் மஷ்த் ஹசன் என்னும் அந்தக் குடியானவர் தம் பசுவைக் குட்டையில் இறக்கிக் குளிப்பாட்டும் காட்சி ஒன்று உண்டு. எந்தெஸாமி அதன் உடம்பைத் தேய்க்கிறார், கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், நீரை வாரி இறைத்துச் சிறு பிள்ளை போலக் கூத்தாடுகிறார். வீட்டில் மனைவியிடத்திலோ ஊராரிடத்திலோ அவர் காட்டாத குதூகலம் அது. பசு கர்ப்பமாக இருக்கிறது. ஊரில் அதனால் அவருக்கு ஒரு ஸ்தானம் இருக்கிறது. அயலூர்த் திருடர்கள் அதைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் இரவெல்லாம் தொழுவத்திலேயே கிடக்கிறார். வறியவன் ஒருவனுக்கு ஒரே உடைமை என்பது வெறும் உடைமை அன்று, அவன் உயிருக்கு அதுவே வெளிச்சுவர் என்பதை வசனம் ஏதுமின்றி இந்தப் பகுதியிலேயே அவர் நமக்கு உணர்த்திவிடுகிறார். பின்னால் நேரப்போகிற அனர்த்தம் முழுவதையும் நாம் நம்புவதற்கு அஸ்திவாரம் இங்கேதான் போடப்படுகிறது.

அவர் ஊரில் இல்லாத நாளில் பசு செத்துப்போகிறது. உண்மையைச் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார் என்று பயந்த ஊரார் அதைப் பாழுங்கிணற்றில் தள்ளி மூடிவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லிவிடத் தீர்மானிக்கிறார்கள். திரும்பி வந்த மஷ்த் ஹசனிடம் அவ்வாறே சொல்கிறார்கள். அப்பொழுது எந்தெஸாமி அலறவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. தன் பசு ஓடிப்போகாது என்று மட்டும் சொல்கிறார். பிறகு தொழுவத்தின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, விரிந்த கண்களை இமைக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன்பின் மாறுதல் ஏற்படுவது மிக மெதுவாக: முதலில் கழுத்து கனத்துத் தாழ்கிறது, பின்பு தாடை அசைகிறது, பின்பு குரல் தொண்டையின் அடியிலிருந்து வருகிறது. கொம்பும் இல்லை, தோலும் இல்லை, வேஷம் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. கூடு விட்டுக் கூடு பாய்வதைப்பற்றி நாம் கதைகளில் கேட்டிருக்கிறோம். அது ஒரு மனிதனுக்குத் துக்கத்தால் நேருமானால் எப்படி இருக்கும் என்பதை இங்கே காண்கிறோம். தேற்ற வந்தவர்களிடம், தான் ஹசன் அல்ல, ஹசனுடைய பசு என்கிறார். தன்னைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற ஹசன் வருவான் என்று அவனையே கூவி அழைக்கிறார்.

கடைசியில் ஊரார், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக அவரைக் கயிற்றால் கட்டி, மழையிலும் சேற்றிலும் இழுத்துச் செல்கிறார்கள். அவர்களில் தலைவன் போன்றவன் எஸ்லாம், ஊரிலேயே அறிவும் இரக்கமும் மிகுந்தவன்; அலி நஸீரியன் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். மஷ்த் ஹசன் நகர மறுக்கவே, பொறுமை இழந்த அந்த எஸ்லாமே கையை ஓங்கி, மிருகமே என்று அதட்டி அடித்துவிடுகிறான். அடித்த கை அப்படியே நிற்கிறது. உடன் வந்தவர்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். அவரை மனிதரென்று அவருக்கே நினைவூட்டிக்கொண்டிருந்த ஒருவன்கூட அவரை மாடாக நடத்திவிட்ட கணம் அது. அடுத்து அவர் திமிறிக்கொண்டு ஓடிச் சரிவில் உருண்டு மாண்டுபோகிறார். இந்த இடத்தில் எந்தெஸாமி பைத்தியக்காரனாக நடிக்கவில்லை. அடிபட்ட ஜீவனாகவே இருக்கிறார். அவருடைய கண்ணில் தெரியும் மிரட்சி மனிதனுடையதா மாட்டினுடையதா என்று பிரித்தறிய நம்மால் முடியவில்லை.

இந்தப் படம் அரசாங்கத்தின் பணத்திலேயே எடுக்கப்பட்டது. அரசாங்கமே அதைத் தடுத்தும் வைத்தது. தேசம் நவீனமாகிவிட்டது என்று உலகுக்குப் பறைசாற்றிக்கொண்டிருந்த அன்றைய மன்னரான ஷாவின் ஆட்சிக்கு, ஒரே பசுவை நம்பிக் கிடக்கும் கிராமத்தின் காட்சி உவப்பாக இல்லை. இது பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த கதை என்று முகப்பில் எழுதிப் போட்ட பிறகே அனுமதி கிடைத்தது. 1971-இல் ஒருவருக்கும் தெரியாமல் படத்தின் பிரதி வெனிஸ் நகரத்து விழாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே மொழிபெயர்ப்பு வரிகள்கூட இல்லாமல் அது காட்டப்பட்டும் விமரிசகர்களின் பரிசு அதற்கே கிடைத்தது. பாரசீகம் ஒரு சொல்லும் அறியாதவர்கள் அந்தப் படத்தைப் புரிந்துகொண்டார்கள் என்றால், அதில் எந்தெஸாமியின் முகத்துக்கு உரிய பங்கு பெரிது.

அந்தப் படம் செய்த உபகாரம் அதோடு முடியவில்லை. 1978-79-இல் புரட்சி மூண்டபோது சினிமாவே ஒழுக்கக்கேட்டின் உறைவிடம் என்ற எண்ணம் பரவி, பல கொட்டகைகள் தீக்கிரையாயின. அபாதான் நகரத்து ரெக்ஸ் கொட்டகையில் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரோடு வெந்து மாண்டார்கள். புதிய ஆட்சியில் சினிமா என்ற கலை இருக்குமா என்பதே ஐயமாக இருந்த அந்தச் சமயத்தில், புரட்சித் தலைவர் கொமேனி 'பசு'வைப் பார்த்துப் பாராட்டினார் என்றும், அந்தப் பாராட்டே ஈரானில் சினிமா பிழைப்பதற்கு ஒரு காரணமாயிற்று என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஷாவின் அதிகாரிகள் அஞ்சிய படத்தை ஷாவின் பகைவர் பாராட்டினார். இரு திறத்தாருக்கும் அதில் பொய் இல்லை என்பது தெரிந்திருந்தது.

மஷ்த் ஹசனிடம் இரக்கம் கொள்வது எளிது. இரக்கத்துக்கு இடமில்லாத பாத்திரங்களிடத்தில் நடிகர் என்ன செய்கிறார் என்பதே உண்மையான பரீட்சை. மெஹ்ர்ஜூயியும் ஸாயிதியும் மீண்டும் சேர்ந்து உருவாக்கிய 'தாயெரெயெ மீனா' படத்தில் எந்தெஸாமி ஸாமெரி என்ற இரத்தத் தரகராக வருகிறார். டெஹ்ரானின் ஏழைகளையும் போதைக்கு அடிமையானவர்களையும் விடியற்காலையில் திரட்டிக் கொண்டுபோய், சில்லறைக் காசுக்கு அவர்கள் இரத்தத்தை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு விற்பது அந்த மனிதரின் தொழில். நோயாளித் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்த வாலிபன் ஒருவன் இந்த வியாபாரத்தில் சிக்கிச் சீரழிவதுதான் கதை. மருத்துவர்களின் எதிர்ப்பால் சில ஆண்டுகள் முடக்கப்பட்டே வெளிவந்த இந்தப் படத்தில், எந்தெஸாமி ஸாமெரியைக் கொடூர முகம் காட்டும் வில்லனாக ஆக்கவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த, உபசாரமாகப் பேசத் தெரிந்த, தான் நாலு பேருக்குப் பிழைப்புக் கொடுப்பதாகவே நம்புகிற ஒரு வியாபாரியாக அவர் அந்த மனிதரை நிறுத்தினார். அக்கிரமம் இவ்வளவு சாதாரணமான முகத்தோடு நடமாடுகிறதே என்று நாம் நடுங்குவது அதனால்தான்.

புரட்சிக்குப் பின் அலி ஹாத்தமி என்னும் டைரக்டரிடத்தில் அவருக்கு வேறொரு உலகம் கிடைத்தது. பழங்காலத்துப் பாரசீகத்தின் பேச்சழகையும் அரண்மனைச் சம்பிரதாயங்களையும் திரையில் மீட்டுத் தந்தவர் ஹாத்தமி. அவருடைய 'ஹாஜி வாஷிங்டன்' 1982-இல் எடுக்கப்பட்டது. ஈரானில் பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் இருந்தது. 1888-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட முதல் ஈரானியத் தூதர் ஹாஜி ஹுசைன் குலி கானாக எந்தெஸாமி அதில் நடித்தார். வாஷிங்டன் நகரில் வேறு ஈரானியர் இல்லை. பார்க்க வருவோரும் இல்லை. தூதரகமே ஒரு தனிமைச் சிறையாகிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஹாஜி தாமே ஓர் ஆட்டைக் குர்பானி கொடுத்து, அதைத் தோலுரித்துக்கொண்டே தம் வாழ்வையும், ஊரில் விட்டுவந்த மகளையும், அதிகாரத்துக்கு அடிமைப்பட்ட தம் நிலையையும் சொல்லிச் சொல்லிப் புலம்பும் நீண்ட காட்சி ஈரானிய நடிப்பின் சிகரங்களுள் ஒன்று. கையில் கத்தியின் வேலை நிற்கவில்லை, வாயில் பேச்சும் நிற்கவில்லை. ஆட்டின் கதை எங்கே முடிந்து தூதரின் கதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமற் போகிறது.

1984-இல் வந்த 'கமாலுல் முல்க்' படத்தில், அந்தப் பெயருடைய புகழ்பெற்ற ஓவியரை ஆதரித்த நாஸிருத்தீன் ஷாவாக அவர் தோன்றினார். ஹாத்தமி பல ஆண்டுகள் உழைத்துச் சிருஷ்டித்த 'ஹெஸார் தஸ்தான்' என்ற தொலைக்காட்சித் தொடரில், டெஹ்ரான் முழுவதையும் திரைமறைவிலிருந்து ஆட்டிவைக்கும் கான் முஸஃபர் ஆனார். மஷாயெகி, நஸீரியன், கெஷாவர்ஸ், தாவூத் ரஷீதி என்று மேடையில் தோளோடு தோள் நின்று வளர்ந்த ஒரு தலைமுறையே அந்தத் தொடரில் ஒன்றுகூடியது.

நாஸிருத்தீன் ஷா வேடத்தை அவர் மறுபடியும் ஏற்றது 1992-இல், மொஹ்ஸென் மக்மல்பாஃபின் படத்தில். ஷாவின் அரண்மனைக்குள் சினிமா என்ற புதுமை நுழைகிறது. 'லோர் இனத்துப் பெண்'ணின் கதாநாயகி குல்னாரைத் திரையில் கண்டு ஷா மோகம் கொள்கிறார். முடியைத் துறந்து நடிகராக விரும்புகிறார். கடைசியில் அவருக்குக் கிடைக்கும் வேடம் மஷ்த் ஹசனின் பசு. பம்பாயில் எடுத்த முதல் பேசும் படத்திலிருந்து 'பசு' வரையில் ஈரானிய சினிமாவின் சரித்திரம் முழுவதும் இவ்வாறு ஒரு நடிகரின் உடம்பின் வழியாகவே சொல்லப்படுகிறது. பாதுஷாவின் மிடுக்கும் மாட்டின் மிரட்சியும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்து போகின்றன. இரண்டில் எதுவும் மற்றொன்றைவிட உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ தோன்றவில்லை.

ஹாஸ்யமும் அவருக்குக் கைவந்த கலையே. மெஹ்ர்ஜூயியின் 'எஜாரே நிஷீன்ஹா', அதாவது 'குடியிருப்போர்', உரிமையாளர் வாரிசின்றி இறந்துபோன ஒரு கட்டடத்தைப் பற்றியது. குழாய்கள் உடைகின்றன, கூரை ஒழுகுகிறது, சுவர்கள் பிளக்கின்றன. செப்பனிட வேண்டும் என்று குடியிருப்பவர்கள் துடிக்க, கட்டடத்தைத் தாமே சொந்தமாக்கிக்கொள்ள எண்ணும் அப்பாஸ் ஆக்கா என்ற கசாப்புக் கடைக்காரர் அதைத் தடுக்கிறார். ஈரானிய ஜனங்கள் இன்றும் விரும்பிப் பார்க்கும் இந்தப் படத்தில், திரைமுன் பாட்டுப் பாடிய பழைய எந்தெஸாமியின் துடிப்பு முழுவதும் தெரிகிறது. பேராசைக்காரரும் தாய்க்கு அடங்கிய பிள்ளையுமான அந்த மனிதரைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் வெறுக்க மாட்டோம்.

முதுமையில் அவர் ஏற்ற வேடங்களுள் என் மனத்துக்கு மிக நெருங்கியது ரக்ஷான் பனி எதெமாத் என்ற பெண் டைரக்டர் 1995-இல் எடுத்த 'ரூஸரியெ ஆபி', நீல முக்காடு. மனைவியை இழந்த ரசூல் ரஹ்மானி தக்காளிக் குழம்பு ஆலையின் முதலாளி. அவரிடம் கூலி வேலைக்கு வரும் ஏழைப் பெண் நோபரிடம் அவர் மனம் ஈடுபடுகிறது. அப்பெண்ணாக நடித்தவர் ஃபாத்திமா மொதமெத் ஆர்யா. குலப்பெருமை கெடுகிறதென்று ரசூலின் புதல்விகள் எதிர்க்கிறார்கள். ஈரானியத் திரையின் விதிப்படி ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் தொடவும் கூடாது. அந்தக் கட்டுக்குள் காதலைக் காட்ட வேண்டியிருக்க, எந்தெஸாமி ஒரு முதியவருக்கு மறுபடியும் வாழ்வில் ருசி பிறப்பதைக் குரலின் கனிவிலும், அவர் நடையில் வரும் சிறு உற்சாகத்திலும், பேச வந்ததைப் பேசாமல் நிறுத்திக்கொள்ளும் தயக்கத்திலும் காட்டிவிடுகிறார். பணக்காரக் கிழவரின் சபலம் என்று உலகம் ஏசக்கூடிய ஒன்று, அவர் கையில் கண்ணியமான அன்பாக ஆகிறது.

டெஹ்ரானில் அவர் வாழ்ந்த இல்லம் அவர் காலத்திலேயே பொதுமக்கள் வந்து பார்க்கும் காட்சிசாலையாக மாற்றப்பட்டது. அவருடைய புதல்வர் மஜீத் எந்தெஸாமி ஈரானிய சினிமாவின் முன்னணி இசையமைப்பாளர்களுள் ஒருவராகத் தந்தையின் பெயரை வேறொரு துறையில் விளங்கச் செய்தார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி, தொண்ணூற்று நான்காம் வயதில், நடிகர் பெருமான் மறைந்தார்.

'பசு' வெளிவந்த பின்னர் ஈரானிய சினிமா தன் தேசத்துக் கிராமங்களையும், கூலிக்காரர்களையும், குழந்தைகளையும் அலங்காரமின்றி நேராகப் பார்க்கத் துணிந்தது. பின்னாளில் உலகம் போற்றிய அதன் எளிமைக்கு அந்தத் துணிவே ஆதாரம். அதற்கு வழி திறந்தவர்களில் டைரக்டரும் எழுத்தாளரும் எவ்வளவு பெரியவர்களோ அவ்வளவு பெரியவர் எந்தெஸாமியும். ஒரு குடியானவனுடைய துக்கம் அரசர்களுடைய துக்கத்துக்குக் குறைந்தது அன்று என்பதை வாதாடி மெய்ப்பிக்க முடியாது. ஒருவன் அந்தத் துக்கத்தை முழுமையாகத் தாங்கிக் காட்டினால்தான் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்கள். எந்தெஸாமி தாங்கிக் காட்டினார், ஜனங்களும் ஒப்புக்கொண்டார்கள். நடிப்புக் கலையைப் பயிலும் நம் இளைஞர்கள் அழகையும் குரலையும் அபிநய நுட்பத்தையும் தேடட்டும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக, தாம் ஏற்கப்போகும் மனிதனைத் தமக்குச் சமமாக மதிக்கும் மனத்தை இந்தப் பாரசீகக் கலைஞரிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.